பாதி பாதியாக

திரையில் ஒரு சதுர அலை. ஏறுகிறது. இறங்குகிறது.

அதற்குக் கீழே இன்னொன்று. மேலது இரண்டு முறை ஏறும் நேரத்தில் இது ஒரு முறை ஏறுகிறது.

நடுவில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப். அதன் தலைகீழ் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே சேர்த்திருக்கிறது. மேலே உள்ள அலை, அதாவது கிளாக், ஏறும்போதெல்லாம் இருந்த நிலையை விட்டு மாறுகிறது. ஒன்று பூஜ்யம் ஆகிறது. பூஜ்யம் ஒன்று ஆகிறது.

வேறு வேலை கிடையாது அதற்கு.

*

ஐப்பசி. திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. கிழக்கே மலைப்பக்கம் இடி உருள்கிறது. இங்கே ஒரு துளி இல்லை.

ஏ.சி. ஓசை. அதற்கு அடியில் சர்வரின் விசிறி. அதற்கும் அடியில் ஏதோ ஒன்று, காதுக்குள்ளேயே இருப்பது.

*

32,768. இரண்டின் பதினைந்தாம் அடுக்கு.

சுவர்க் கடிகாரத்துக்குள் கவட்டை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் நொடிக்கு அத்தனை முறை அதிர்கிறது. மனிதக் காது எட்டும் எல்லைக்கு மேலே. ஒரு ஃபிளிப்-ஃபிளாப் அதைப் பாதியாக்குகிறது. அடுத்தது அந்தப் பாதியைப் பாதியாக்குகிறது. 16,384. 8,192. 4,096. இப்படியே இறங்கி எட்டு, நான்கு, இரண்டு.

பதினைந்தாவதில் ஒன்று.

முள் ஒரு கோடு நகர்கிறது.

*

1969 டிசம்பர் 25. ஜப்பானில் செய்கோ அஸ்ட்ரான் விற்பனைக்கு வருகிறது. கையில் கட்டும் முதல் குவார்ட்ஸ் கடிகாரம். அதன் படிகம் நொடிக்கு 8,192 முறைதான் அதிர்கிறது. பதின்மூன்று முறை பாதியாக்கினால் போதும்.

பின்னால் வந்தவர்கள் படிகத்தைச் சிறிதாக்குகிறார்கள். சிறிதானால் வேகம் கூடுகிறது. கீழே இரண்டு படி சேர்கிறது.

*

இன்னும் பின்னோக்கிப் போனால் 1918. லண்டனில் எக்கிள்ஸும் ஜோர்டனும் இரண்டு வால்வுகளை எதிரெதிராகக் கட்டுகிறார்கள். ஒன்று எரிந்தால் மற்றது அணைந்திருக்கும். தள்ளினால் மாறும். தள்ளாவிட்டால் அப்படியே இருக்கும்.

1932. கேம்பிரிட்ஜில் வின்-வில்லியம்ஸ் ஆல்ஃபா துகள்களை எண்ணுகிறார். துகள்கள் வேகமாக வருகின்றன. எண்ணிக் காட்டும் கருவியோ முள்ளும் சக்கரமும் வைத்தது. அத்தனை வேகம் தாங்காது. இரண்டுக்கு ஒன்றை மட்டும் கீழே அனுப்புகிறார். பிறகு நான்குக்கு ஒன்று. பிறகு எட்டுக்கு ஒன்று.

மெதுவான ஒன்றின் பொருட்டே இந்தப் பாதியாக்கும் வேலை வந்திருக்கிறது.

*

மின்சாரச் செலவு.

கம்பியில் நிரப்ப வேண்டிய கொள்ளளவு. வோல்டேஜின் இருமடி. நொடிக்கு எத்தனை முறை நிரம்பி வடிகிறது என்பது. மூன்றையும் பெருக்கினால் வருகிறது.

வோல்டேஜைப் பாதியாக்கினால் செலவு கால்பங்கு. வேகமும் போய்விடும்.

கொள்ளளவைக் குறைப்பது லேஅவுட் போடுகிறவரின் கையில். மைக்ரானில் ஒரு பங்கு இங்கே, ஒரு பங்கு அங்கே.

மிஞ்சுவது, யார் எத்தனை முறை புரள வேண்டும் என்பது.

*

ஒன்றின் வெளியீடு அடுத்ததன் கிளாக். ரிப்பிள் கவுண்டர். குடம் கைமாறுவதுபோல் சேதி போகிறது.

32,768 ஹெர்ட்ஸ் வந்தால் முதல் படி நொடிக்கு 32,768 முறை புரள்கிறது. இரண்டாவது 16,384. பத்தாவது 64. பதினைந்தாவது இரண்டே முறை.

ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம். கூட்டிக்கொண்டே போனாலும் இரண்டைத் தொடுவதில்லை. பதினைந்து பேரின் உழைப்பு இரண்டு பேர் உழைப்பை எட்டவில்லை. நூறு படி வைத்தாலும் எட்டாது.

அதில் பாதி முதல் படிக்கே போய்விடுகிறது.

*

ஏழிலிருந்து எட்டு.

நான்கு பிட் ரிப்பிள் கவுண்டர். அலைவடிவத்தை இழுத்துப் பெரிதாக்கினால் தெரிகிறது. 0111. கிளாக் விழுகிறது. முதல் பிட் மட்டும் மாறுகிறது: ஆறு. ஒரு நானோ நொடியில் சிறு பங்கு கழிந்து அடுத்தது: நான்கு. அடுத்தது: பூஜ்யம். அதற்குப் பிறகு எட்டு.

ஏழு, ஆறு, நான்கு, பூஜ்யம், எட்டு.

ஆறு அங்கே உண்மையிலேயே இருந்தது. நான்கும் இருந்தது. அந்த நேரத்தில் எட்டிப் பார்த்தவருக்கு அதுதான் கணக்கு.

கடைசிப் படியின் வெளியீடு மட்டும் வேண்டுமென்றால் நடுவில் யாரும் பார்ப்பதில்லை. பொய் எண்கள் வந்துவிட்டுப் போகட்டும். கடைசியில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் வைத்து, மூல கிளாக்கோடு மறுபடி சேர்த்துப் பிடித்தால் வழியில் தொற்றிக்கொண்ட நடுக்கமும் கழிந்துவிடும்.

*

மழை வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் முதலில் தனித்தனித் துளி. பிறகு துளி என்று சொல்ல எதுவும் இல்லை.

*

சிங்க்ரனஸ் கவுண்டரில் எல்லாருக்கும் ஒரே கிளாக்.

பதினைந்து ஃபிளிப்-ஃபிளாப்பும் ஒவ்வொரு துடிப்பையும் கேட்கின்றன. சராசரியாக இரண்டு புரள்கின்றன. மற்றவை கேட்டுவிட்டுச் சும்மா இருக்கின்றன.

கேட்பதற்கும் செலவு. கிளாக் கம்பி ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டுத்தான் போகிறது. திறக்கப் போவதில்லை என்று தெரிந்தாலும்.

தேவையில்லாதவற்றுக்குக் கிளாக்கை அனுப்பாமல் நிறுத்தலாம். கிளாக் கேட்டிங். யாருக்கு அனுப்ப வேண்டாம் என்று பார்த்துச் சொல்லும் அந்த கேட்டும் கொஞ்சம் தின்கிறது. நான்கைந்து பிட்டைச் சேர்த்துத் தூங்கவைத்தால் கட்டுப்படியாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் போட்டால் காவல் செலவே மேலோங்கும்.

*

பழைய கணக்கில் நாளுக்கு அறுபது நாழிகை. நாழிகைக்கு அறுபது விநாழிகை. நாழிகை 24 நிமிடம். விநாழிகை 24 நொடி.

அடியில் துளையிட்ட வட்டில் தண்ணீரில் மிதக்கிறது. மெல்ல நிறைகிறது. ஒரு பக்கம் சாய்ந்து மூழ்குகிறது. யாரோ எடுத்து, கவிழ்த்து, மறுபடி மிதக்க விடுகிறார்.

வட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

*

நகரின் கிழக்கேகோட்டை. பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே மாளிகை முகப்பில் மேத்தன் மணி. தாடி வைத்த முகம். இரு பக்கமும் ஆட்டுக்கடா. மணி நிறையும்போது வாய் திறக்கிறது. கடாக்கள் இரண்டும் கன்னத்தில் முட்டுகின்றன.

கீழே நிற்பவர்கள் அந்த முட்டலுக்காக அண்ணாந்து நிற்கிறார்கள். பார்த்ததும் கலைந்து போகிறார்கள்.

சிப் வேலை பார்க்கும் புத்தி வேறு எதையோ கணக்குப் போடுகிறது. மணிக்கு ஒரு புரளல். மிகச் சிக்கனமான படி.

*

இந்த ஊரில் வேறொரு கணக்கும் நடந்திருக்கிறது. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா விண்மீன் நோக்கும் கூடம் ஒன்று அமைக்கிறார். ஜான் கால்டிகாட் அதன் முதல் பொறுப்பாளர். அவருக்குப் பின் ஜான் ஆலன் பிரௌன் வருகிறார், 1852இல். காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துக் குறிக்கிறார்கள். இங்கே ஒரு கூடம். அகத்தியர் மலை உச்சியில் இன்னொன்று. அட்டை கடிக்கும் மலையில், மேகத்துக்குள், ஊசியைப் பார்த்துக்கொண்டு.

குறிப்புகள் 1874இல் புத்தகமாகின்றன.

ஊசி நாள் முழுக்க அசைவது மிகக் கொஞ்சம்.

*

சிங்க்ரனஸ் கவுண்டரில் வேகம் எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்த்தால், கடைசி பிட்டில்.

கீழே உள்ளவை எல்லாம் ஒன்று ஆனால்தான் அது புரளலாம். பதினான்கு பேரிடமும் கேட்டு வர வேண்டும். கேட்டு வருவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது.

அதே பிட்டை வேறு விதமாகவும் பார்க்கலாம். கீழே உள்ள இரண்டு பிட்டுக்குத்தான் அவசரம். மூன்றாவது நான்கு துடிப்புக்கு ஒருமுறைதான் மாறும். அதற்கு மேலே இருப்பவை அதைவிட நிதானம். அவை எல்லாம் ஒன்றுதானா என்ற விசாரணையை முன்கூட்டியே, சாவகாசமாக நடத்தி வைத்துக்கொள்ளலாம். விடை தயாராகக் காத்திருக்கும். கடைசியில் கீழிருந்து வந்து சேர வேண்டியது ஒரே ஒரு சேதி.

இப்படிக் கட்டினால் கவுண்டர் நீண்டாலும் வேகம் ஏறக்குறைய குறைவதில்லை.

கையால் வரைந்து பார்க்கும்போதுதான் இது பிடிபடுகிறது. மேலே நிறைய நேரம் சும்மா கிடந்திருக்கிறது.

*

கரண்ட் போகிறது. யு.பி.எஸ். ஒரு முறை கூவி நிறுத்துகிறது. ஏ.சி. நின்றுவிட்டது.

மழைச் சத்தம் கிட்டே வந்துவிட்டதுபோல் இருக்கிறது. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

*

எண்ண வேண்டும், வரிசை முக்கியமில்லை என்றால் வேறொரு வழி.

பதினைந்து ஃபிளிப்-ஃபிளாப். ஒன்று தன்னிடம் இருப்பதை அடுத்ததற்குத் தள்ளுகிறது. கடைசி இரண்டையும் ஒரு எக்ஸார் கேட்டில் சேர்த்து, விடையை முதலாவதற்கு ஊட்டுகிறது. நடுவில் ஒரே ஒரு கேட். காத்திருக்க எதுவுமில்லை. மிக வேகம்.

எண்கள் தாறுமாறாக வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முறை வருகிறது. 32,767 முடிந்ததும் தொடங்கிய இடம்.

ஒன்று குறைகிறது.

பூஜ்யம் அந்தச் சுற்றில் இல்லை. எல்லாப் பிட்டும் பூஜ்யமானால் அடுத்ததும் பூஜ்யம். அதற்கடுத்ததும். அங்கே விழுந்தால் வெளியே வர வழியில்லை.

கடிகாரத்தில் இதை அப்படியே வைத்தால் நாளுக்கு இரண்டரை நொடிக்குச் சற்று அதிகமாக முந்தும். விட்டுப்போன அந்த ஒன்றால்.

*

கிரே கோடு. பெல் லேபில் ஃபிராங்க் கிரே. காப்புரிமை 1953.

ஏழிலிருந்து எட்டுக்குப் போக ஒரே பிட் மாறுகிறது. எந்த எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகவும் ஒரே பிட். நடுவில் பொய் எண் கிடையாது. புரளல் பாதியாகக் குறைகிறது.

ஆனால் அடுத்து யார் மாற வேண்டும் என்று தெரிய எல்லாரையும் பார்த்தாக வேண்டும். மிச்சம் பிடித்தது அந்தப் பார்வையிலேயே கரைகிறது. பாடப்புத்தகத்தில் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

*

1963.

அமெரிக்காவில் ஃபிராங்க் வான்லாஸ் இரண்டு வகை டிரான்சிஸ்டர்களை ஜோடி சேர்க்கிறார். ஒன்று திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும். புரளும்போது மட்டும் செலவு. சும்மா இருக்கும்போது ஏறத்தாழ ஒன்றுமில்லை. சீமாஸ்.

அதே ஆண்டு நவம்பர் 21. தும்பாவின் மணலில் இருந்து ஒரு நைக்கி-அப்பாச்சி மேலே போகிறது. அந்தி வானத்தில் சோடியம் ஆவியின் கோடு. மக்தலேனா மாதா கோயில்தான் அலுவலகம். கடலோரம் முழுக்க மீனவர் குடியிருப்பு. பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போகிறது என்பதால் இந்தக் கரை.

இரண்டு சேதிக்கும் தொடர்பில்லை. அப்போது இல்லை.

*

இங்கிருந்து தும்பா பத்துப் பதினைந்து நிமிடம், சாலை காலியாக இருந்தால். விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்.

விக்ரம்-1601 என்ற 16 பிட் பிராசசர் 2009 முதல் ராக்கெட்டுகளில் பறக்கிறது. அடுத்தது 32 பிட், விக்ரம்-3201. வடிவமைப்பில் இந்த மையம். உற்பத்தி சண்டிகர் அருகே செமிகண்டக்டர் லேபில், 180 நானோமீட்டரில். 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி.-சி60 ஏந்திப்போன சுற்றுமேடையில் வைத்துச் சோதிக்கிறார்கள். 2025 செப்டம்பர் 2 அன்று டெல்லியில் மேடையேறுகிறது.

180 பழையது என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கைபேசிச் சிப்புகள் மூன்று நானோமீட்டர் வரை வந்துவிட்டன. ராக்கெட்டுக்கு அது குறையாகத் தெரியவில்லை. குளிரில் மைனஸ் 55, சூட்டில் 125 டிகிரி. அங்கே தடித்த கம்பி நல்லது.

180இல் சும்மா இருக்கும் டிரான்சிஸ்டர் அநேகமாகச் சும்மாவே இருக்கிறது. சிறிதாக்கச் சிறிதாக்க, மூடிய பிறகும் கசிகிறது. அசையாமல் இருப்பதற்கும் விலை வந்துவிடுகிறது.

*

வெள்ளையம்பலத்தில் சிடாக். அங்கே வேகா பிராசசர்கள். அந்தக் குடும்பத்தில் தேஜஸ்-32, 100 மெகாஹெர்ட்ஸ்.

100 மெகாஹெர்ட்ஸில் இருந்து சீரியல் போர்ட்டின் 115,200க்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிட்டுக்குப் பதினாறு மாதிரி என்ற வழக்கமான கணக்கில், 54.25ஆல் வகுக்க வேண்டும். கொஞ்சம் சொச்சம்.

கவுண்டருக்குக் கால் தெரியாது. 54 தெரியும், 55 தெரியும்.

54 என்றே விட்டுவிடலாம். அரை சதவீதத்துக்குள் பிழை. யாருக்கும் உறைக்காது.

இல்லையென்றால் மூன்று முறை 54, ஒரு முறை 55. மறுபடி மூன்று முறை 54. சராசரியில் சரியாகிவிடும். எந்த ஒரு அடியிலும் சரியில்லை.

*

கரண்ட் வந்துவிட்டது. யாரோ டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே ஆடை படர்கிறது.

*

பிரெட்போர்டில் ஒரு 4060. பதினாறு கால்கள். ஆசிலேட்டரும் பதினான்கு படி ரிப்பிள் கவுண்டரும் உள்ளேயே. படிகத்தை மாட்டினால் ஓடுகிறது.

மூன்றாம் காலில் கடைசிப் படி. நொடிக்கு இரண்டு. எல்.இ.டி. கால் நொடி எரிகிறது, கால் நொடி அணைகிறது. ஒரு நொடிக்கு இன்னும் ஒரு பாதி வேண்டும். வெளியே தனியாக ஒரு ஃபிளிப்-ஃபிளாப் சேர்க்கிறார்கள் மாணவர்கள். பதினைந்தாவதையும் உள்ளேயே வைத்திருக்கலாம்.

முதல் மூன்று படிகளுக்குக் கால் இல்லை. பதினொன்றாவதற்கும் இல்லை. உள்ளே அது மற்றவை போலவே புரள்கிறது. வெளியே தெரிவதில்லை.

*

கவட்டைக் குவார்ட்ஸுக்கு 25 டிகிரி பிடிக்கும். கூடினாலும் குறைந்தாலும் பிந்துகிறது. விலகலின் இருமடிக்கு ஏற்ப.

டெல்லியின் தை மாத இரவில் 5 டிகிரி. நாளுக்கு ஒரு நொடிக்குமேல் பிந்தும். திருவனந்தபுரத்தில் மே மாதமும் டிசம்பரும் ஒன்றுக்கொன்று தள்ளி இல்லை. 31 டிகிரியில் நாளுக்குப் பத்தில் ஒரு நொடி.

கடிகாரங்களுக்கு ஏற்ற ஊர். வியர்வை வேறு கணக்கு.

*

கிளாக் ஏறும் அதே கணத்தில் உள்ளீடும் மாறினால் ஃபிளிப்-ஃபிளாப் நடுவில் நின்றுவிடலாம். ஒன்றும் இல்லை, பூஜ்யமும் இல்லை. பாதி வோல்டேஜ்.

பிறகு ஏதோ ஒரு பக்கம் சாய்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. எப்போது என்றும் சொல்ல முடியாது. நேரம் போகப் போக இன்னும் நின்றுகொண்டிருக்கும் வாய்ப்பு வேகமாகச் சுருங்குகிறது. பூஜ்யம் ஆவதில்லை.

இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்பை அடுத்தடுத்து வைப்பது வழக்கம். முதலாவது தடுமாறி முடிக்க ஒரு துடிப்பு அவகாசம். பெரும்பாலும் போதும்.

பெரும்பாலும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்று வருகிறது விடை.

*

1989இல் ஸ்வீடனில் யுவானும் ஸ்வென்சனும் எழுதியது வேறொரு வகை ஃபிளிப்-ஃபிளாப்பைப் பற்றி. ஒரே ஒரு கிளாக் கம்பி. தலைகீழ் கிளாக் வேண்டாம். டிரான்சிஸ்டர்கள் குறைவு. வேகம் அதிகம்.

மதிப்பைத் தாங்கிப் பிடிக்க அதற்குள் எதுவும் இல்லை. கம்பியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சொற்ப மின்னூட்டம், சில ஃபெம்டோ ஃபாரடில் நிற்பது, அதுதான் நினைவு. கிளாக் விடாமல் வந்துகொண்டிருந்தால் நினைவிருக்கிறது. தாமதித்தால் கசிந்து போகிறது.

முன்படிகளுக்கு இந்த டைனமிக் வகை. கீழே, மெதுவாகும் இடத்தில், தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் சாதாரண ஸ்டாடிக் ஃபிளிப்-ஃபிளாப்.

எந்தப் படியில் மாற்றுவது?

*

திரையில் இருக்கும் கவுண்டருக்குள் வருவது ஒரு கிகாஹெர்ட்ஸ். பத்தாவது படியை அடையும்போது ஏறக்குறைய இரண்டு மெகாஹெர்ட்ஸ். அரை மைக்ரோ நொடி மறக்காமல் இருந்தால் போதும். அறை வெப்பத்தில் இருக்கிறது. கோடு கொஞ்சம் சரிகிறது, ஆனால் விழுவதில்லை.

சூடு ஏறினால் கசிவு ஏறும்.

பத்தாவது படியில் என்ன செய்தாலும் மிச்சமாவது மொத்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் படியில் ஒரு டிரான்சிஸ்டரை ஒரு சுற்றுக் குறைத்தால் இதைப்போல் பல மடங்கு கிடைக்கும். இது தெரிந்தே மனம் பத்தாவதில் நிற்கிறது.

நிற்கட்டும்.

*

125 டிகிரி. ஃபாஸ்ட் கார்னர், கசிவு உச்சத்தில் இருக்கும் நிலை. பத்தாவதை ஸ்டாடிக் ஆக்கி ஒரு சிமுலேஷன் ஓட்டம், டைனமிக்காகவே விட்டு ஒரு ஓட்டம். இரண்டும் வரிசையில் நிற்கின்றன. லைசென்ஸ் ஒன்றுதான் காலி. மற்றதை யார் எடுத்துவைத்திருக்கிறார்கள் என்று மாடியில் கேட்க வேண்டும்.